வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு வருஷம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில் நான் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு கிடையாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். தோளுக்கடியில் ஒரு கையும் தொடைக்கடியில் ஒரு கையும் கொடுத்து உருட்டி, பின்னால் தலையணையை அண்டக் கொடுக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். அறுநூறுக்கு முந்நூற்று இருபத்தெட்டு.

"என்ன போட்டிருக்கான்?" என்று அப்பா கேட்டார்.

"பாஸ்."

"பாஸுன்னா எவ்ளோ பாஸு?"

சொன்னேன்.

"கரைக்கு வந்து சேந்துட்டே. மீனுதான் கம்மி" என்றார்.

பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் முதல் மூன்று பேரில் ஒருவன் நான். அப்போதிருந்தே வேளாண் கல்லூரியில் சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மீன்பிடிக்கிற வீட்டுப் பையனுக்கு எதற்கு விவசாயப் படிப்பு என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மா கூடை தூக்கிக்கொண்டு வயல் ஊரான போலகம் பக்கம் மீன் விற்கப் போவாள். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் அம்மா மீனைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வேளாண் அதிகாரி வந்தார். சின்ன வயசுதான், தலைமுடியெல்லாம் வியர்வை. வீட்டுக்காரர் உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்து, துண்டால் தட்டிப் போட்டார். அந்த வீட்டில் அம்மா பத்து வருஷமாக மீன் விற்கிறாள், நின்றுகொண்டுதான். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் பிறகும் கண்டுபிடிக்கவில்லை.

கல்லூரி காரைக்காலிலேயே இருந்தது. வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் அதில் இடம் கிடைப்பது லேசில்லை. புதுச்சேரி, மாஹே, ஏனாம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் கேட்கிற படிப்பு. பத்தாம் வகுப்பு மார்க்கோடு நான் அங்கே போய் நின்றிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

அப்பா அடிபட்டது நான் பிளஸ் ஒன் முடித்த கோடையில். அவர் வேறொருவருடைய விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடிப்பார்கள். காரைக்கால்மேட்டில் அப்படி ஏற்றி வைத்திருந்த படகின் மேல்தட்டிலிருந்து, வர்ண டப்பாவோடு, கீழே சிமெண்ட் தரையில் விழுந்தார். கடலில் விழுந்திருந்தால் நனைந்து ஏறி வந்திருப்பார். கடலில் அடிபட்டிருந்தாலாவது அரசாங்கத்தில் ஏதாவது கேட்டிருக்கலாம். தரையில் விழுந்த மீனவனுக்கு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண்தான் இருக்க வேண்டும். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அம்மா மீன் விற்றால்தான் பஸ்ஸுக்கும் மருந்துக்கும் ஆகும். அதனால் நான் இருந்தேன். பிளஸ் டூவின் முதல் மூன்று மாதம் அந்த வார்டில் போயிற்று. பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். அதைப் படித்தேன் என்று சொல்ல முடியாது. மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மருந்து கவுன்ட்டர் சுவரில் டோக்கன் நம்பர் மாறுவதைப் பார்ப்பேன். சில நாள் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துபோய், எந்தெந்த ஊருக்கு பஸ் போகிறது என்று போர்டுகளை வாசித்துவிட்டுத் திரும்புவேன். அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் போவேன். வருத்தமாக இருந்தேனா என்று கேட்டால் தெரியவில்லை. பசி நேரத்துக்குப் பசித்தது, தூக்கம் வந்தது.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பியபோது மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். நாகூரைத் தாண்டி, நாகப்பட்டினம் பக்கத்து மீனவ ஊர் அவருக்கு.

"எங்கூட வந்துடு பாப்பா. பின்னால ரூம்பு சும்மா கெடக்கு. ஒங்க ஊர்ல ரேஷனுக்குப் போனா அரிசியா போடுறான்? காசப் போடுறான், அதுவும் வந்தா உண்டு. எங்க பக்கம் அரிசியே போடுறான். கார்ட மாத்திடு. சோத்துக்கு ஓடிடும்" என்றார் அம்மாவிடம்.

காரைக்காலில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் பாண்டி ஸ்டேட். பெண் எடுப்பது அங்கே, கொடுப்பது இங்கே. நடுவில் வாஞ்சூரில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா கார்டை மாற்றினாள். நாங்கள் மாமா வீட்டுப் பின்னறைக்குப் போனோம். அம்மா விடியலில் பஸ் ஏறி காரைக்கால்மேட்டு ஏலத்துக்கு வந்து மீன் எடுத்து விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். நான் பழைய பள்ளிக்கே பஸ்ஸில் வந்தேன். சாயங்காலம் திரும்பும்போது வாஞ்சூரில் தமிழ்நாட்டு போலீஸ் பஸ்ஸில் ஏறி, இந்தப் பக்கத்து மலிவு பாட்டில் ஏதாவது போகிறதா என்று பைகளைப் பார்ப்பார்கள். என் பையையும் பார்ப்பார்கள். ஒரு ஏட்டு தினமும் என் பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்துக் குலுக்குவார்.

"என்னடா, இதுக்குள்ள ஒரு குவாட்டராவது இருக்கும்னு பாத்தா ஒண்ணையும் காணோம்."

"உள்ள ஒண்ணும் இல்ல சார்."

"அது ஒன் தலையிலயும்தான் இல்ல போல" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பரீட்சை வந்தது, எழுதினேன்.

ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பம் போட காரைக்கால் டவுனில் ஒரு நெட் சென்டருக்குப் போனேன். அதை நடத்திய அக்கா எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள். மார்க் ஷீட்டைப் பார்த்தவுடன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அக்ரியா? இந்த மார்க்குக்கு அக்ரி வாசல்ல இருக்கிற டீக்கடையிலதாண்டா எடம் குடுப்பான்."

"போட்டு வைங்கக்கா."

அவள் திட்டிக்கொண்டே போட்டாள். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒரே ஒரு வழி இருக்கு. காரைக்கால் பிள்ளைங்களுக்குத் தனியா எடம் இருக்கு. அதுலயும் மீனவர்ல வருவே. அதுல சில வருஷம் மார்க்கு கீழ வரைக்கும் எறங்கும். நம்பாத, ஆனா போட்டு வை. குடியிருப்புச் சான்று வாங்கிட்டு வா." கூடவே சென்னையில் பேர்பெற்ற ஒரு கல்லூரிக்கும் தாவரவியலுக்குப் போட்டுவிட்டாள். அங்கே மார்க்கோடு நேர்முகமும் பார்ப்பார்களாம். உன்னைப் பற்றி எழுது என்று ஒரு பெட்டி இருந்தது. "அப்பா விழுந்தத எழுது. அழுவுற மாதிரி எழுது. இனிமே ஒனக்கு அதான் மார்க்கு" என்றாள். நான் நாலு வரி எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, "லீவு லெட்டர் மாரி இருக்கு" என்றாள். அப்படியே அனுப்பினோம்.

குடியிருப்புச் சான்றுக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஒரு பெண். கணினியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்க கார்டே இங்க இல்லியேப்பா. தமிழ்நாட்டுக்குப் போயிடுச்சு."

"ஆமா மேடம், மாமா வீட்டுல இருக்கோம்."

"அப்ப நீ இங்க குடியிருக்கல. தொடர்ந்து இருந்தாத்தான் சான்று."

"நான் படிச்சதெல்லாம் இங்கதான் மேடம்."

"படிச்சே. குடியிருக்கல."

தமிழ்நாட்டிலாவது சான்று கிடைக்குமா என்று அந்தப் பக்கம் போய்க் கேட்டோம். மாமாவே கூட வந்தார். அங்கே இருந்தவர், "கார்டு இருக்கு, சரி. பையன் ஒண்ணாவதுலேர்ந்து பாண்டி ஸ்டேட்ல இல்ல படிச்சிருக்கான்" என்றார். மாமா அவரிடம், "அப்ப இவன் எந்த ஊர்க்காரன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ரேஷன் அரிசிக்காகக் கார்டை மாற்றியபோது அதோடு எனக்கிருந்த ஒரே வழியும் போகிறது என்று மாமாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நடுவில் செக்போஸ்ட் இருந்தும் ஒரே ஊர் என்று நினைத்தது எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அம்மா என்னை அழைத்துக்கொண்டு காரைக்கால்மேட்டுப் பஞ்சாயத்தாரிடம் போனாள். எங்கள் ஊரில் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயிலுக்கும் ஊர்ச் செலவுக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. ஊரை விட்டுப் போகிறவன் பஞ்சாயத்தில் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் அவன் தலைக்கட்டை இறக்கிவிடுவார்கள். அப்பா கட்டிலில் கிடந்ததால் யாரும் போய்ச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவனிடம் வரி கேட்கும் வழக்கமும் இல்லை.

தலைவர் அம்மாவைக் கேட்டார். "போறோம்னு ஊர்ல சொல்லிட்டா போனீங்க?"

"இல்லண்ணே."

"அப்ப எப்பிடிப் போனதா ஆவும்?"

பக்கத்தில் இருந்த ஒருவர், "ரெண்டு திருவிழாவுக்கும் ஒன் புருசன் பேரப் படிச்சமே. வந்து சாமி கும்புடலன்னா அது அவன் பாவம்" என்றார்.

மறுநாள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். தலைவர்தான் பேசினார்.

"தலைக்கட்டு எங்க ஊர்ல இருக்கு மேடம். போயிருந்தா நாங்க எறக்கியிருப்போம்."

"கார்டு போயிருக்கே."

"கார்டு போச்சு மேடம். ஆளு போவல."

அலுவலர் சிரித்துவிட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, இங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்டார்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தெனம் விடிஞ்சா ஏலத்துக்கு இங்கதான் மேடம் நிப்பேன். யார வேணா கேளுங்க" என்றாள். அது உண்மை. கேட்ட கேள்விக்குப் பதில் அது இல்லை.

அலுவலர் பேனாவை மூடினார். "தலைக்கட்ட நான் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது. கார்ட அங்க ரத்து பண்ணிட்டு வாங்க. வீட்டுல ஆள் இருக்கணும். நான் வந்து பாப்பேன். பாத்துட்டு ஊர் சொல்றத எழுதுறேன்."

மாமாவிடம் இதைச் சொன்னது அப்பாதான். கட்டிலில் படுத்தபடியே சொன்னார். மாமா வாசலில் நின்று கேட்டார்.

"ஒரு சீட்டுக்காக ஊர மாத்துறீங்க, மாப்ள."

"ஊர மாத்தல மச்சான். பழைய ஊருக்குத்தான் போறோம்."

"அப்ப ஒரு வருசமா நான் போட்டது என்ன, ஓட்டல் சோறா?" மாமா என் பக்கம் திரும்பினார். "முந்நூத்திச் சொச்சத்த வெச்சிக்கிட்டு அக்ரி கேக்குது தொரைக்கு. கெடைக்கலன்னா என்ன பண்ணுவே? இவரத் திரும்பத் தூக்கிட்டு வருவியா?"

"தெரியல மாமா."

"தெரியலியாம்" என்று மாமா அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் அப்பாவைக் குட்டி யானை வண்டியில் ஏற்றியது அவர்தான். மெத்தையை விரித்து, வண்டி குலுங்கினால் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் வலை மூட்டையை அணைவாக வைத்து, தானே தூக்கிப் படுக்க வைத்தார். வாஞ்சூர் செக்போஸ்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா கையைத் தூக்கி, "பாட்டிலு இல்ல சார். காலி பீப்பா" என்றார். அதற்குப் பிறகு மாமா ரொம்ப நாள் எங்களோடு பேசவில்லை. காரைக்கால்மேட்டு வீட்டில் எலி புகுந்து கீற்றைக் கடித்து வைத்திருந்தது. அம்மா பெருக்கினாள். அரிசி அங்கேயே நின்றுபோயிற்று. அலுவலர் ஒருநாள் வந்து, அப்பா கிடந்த கட்டிலையும் அடுப்பையும் பார்த்துவிட்டுப் போனார். சான்று வந்தது.

இதற்கிடையில் சென்னைக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பெரிய மரங்களுள்ள இடம். வராந்தாவில் என்னைப் போலவே மார்க் குறைந்த சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பையன் தன் கதையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் புற்றுநோய், தம்பிக்குச் சமைத்துப் போட்டுவிட்டுப் படித்தது என்று ஒழுங்காக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. அவன் பொய் சொல்லவில்லை, பழகியிருந்தான்.

உள்ளே இரண்டு பேராசிரியர்கள். வயதானவர் என் நாலு வரியைக் கையில் வைத்திருந்தார்.

"அப்பாவுக்கு அடிபட்டதுனால மார்க் கொறஞ்சிடுச்சு. அப்படித்தானே?"

"அப்பாவுக்கு அடிபட்டுச்சு சார். மார்க்கும் கொறஞ்சிடுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. அடிபடலன்னா எவ்வளவு எடுத்திருப்பே?"

"தெரியல சார்."

"ஒரு ஐநூறு?"

"தெரியல சார்."

அவர் எனக்கு உதவத்தான் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு எழுத ஏதாவது கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டோக்கன் நம்பரைப் பார்த்தவன், வீட்டில் இருந்தால் மட்டும் என்ன செய்திருப்பான் என்று யாரால் சொல்ல முடியும்? எல்லாவற்றையும் அப்பாவின் முதுகெலும்பின் மேல் ஏற்றி வைக்க வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர், ஏன் தாவரவியல் என்று கேட்டார். அக்கா போட்டார்கள் என்றேன். போகலாம் என்றார்கள். அங்கிருந்து பதில் எதுவும் வரவில்லை.

வேளாண் கல்லூரிப் பட்டியல் ஒவ்வொன்றாக வந்தது. முதல் பட்டியலில் நான் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசியாக, மிச்சம் இருக்கிற இடங்களுக்கு நேரில் வரச் சொல்லிப் புதுச்சேரியில் கூப்பிட்டார்கள். பெரிய கூடம். மேடையில் திரை. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை இடம் மிச்சம் என்று அதில் தெரியும். ஒருவர் போய்க் கையெழுத்துப் போட்டால் ஒரு எண் குறையும். காரைக்கால் மீனவர் பிரிவில் மிச்சம் ஒன்று என்று இருந்தது.

பக்கத்தில் மகளோடு வந்த ஒருவர் என் மார்க்கைக் கேட்டார். சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "ஏதோ வந்து பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்கீங்க" என்றார். ஆமாங்க என்றேன்.

அந்த ஒன்று அவர் மகளுக்கே போயிற்று. அவள் என்னைவிட நூறு மார்க்குக்கு மேல் கூட. திரையில் ஒன்று பூஜ்யமானது. அந்த மனிதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் சுவரில் ஒட்டியிருந்த வரிசைப் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் ஒரு தாள் நிறையப் பேர் இருந்தார்கள். கார்டை மாற்றாமல் இருந்திருந்தாலும், சான்று முதல் நாளே கிடைத்திருந்தாலும் எனக்கு அந்த இடம் வந்திருக்காது. நான் வாங்கிய சான்று, அந்தக் கூடத்தில் நின்று பார்க்க மட்டும் உதவியது. இதைப் புரிந்துகொண்டபோது கொஞ்சம் இலேசாகக்கூட இருந்தது. மாமாவின் மேலோ அம்மாவின் மேலோ அரிசியின் மேலோ இனி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டேன். பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்.

"என்னப்பா ஆச்சு?"

"முடிஞ்சிடுச்சுப்பா. இல்ல."

"ரொம்பக் கிட்டக்கப் போயி இல்லியா, தூரத்துலயே இல்லியா?"

"தூரத்துலயே."

"அது தேவல" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப நாம இங்கயே இருக்கிறதா, மச்சான் வூட்டுக்கே போறதா?" என்று கேட்டார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. இங்கே வந்ததே என் இடத்துக்காக. இடம் இல்லையென்று ஆன பிறகு, இங்கே இருப்பதற்கு என்ன காரணம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அண்ணன் வாசலில் மறுபடி போய் நிற்க அம்மாவால் முடியாது.

"கொஞ்ச நாளு பாப்போம்" என்றாள் அம்மா.

"அரிசிக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். நான் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். அடுத்த வாரம் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போய், நிலக்கரி ஏற்றிய லாரிகளுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டும் வேலையில் சேர்ந்தேன். நிலக்கரிக் குவியலின் மேல் ஏறி நின்று தார்ப்பாயை விரிக்க வேண்டும். சில நாளில் ஒரு டிரைவர், கிளீனர் வரவில்லை, சேலம் வரை வருகிறாயா என்று கேட்டார். அம்மாவுக்குப் போன் செய்து, அப்பாவைப் புரட்டப் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்தேன்.